பாம்புச் சட்டை கிழிந்தால்…

வளர்ப்பு மலைப்பாம்பின் நலம் அதன் வயிற்றுக்கு அடியில் விரித்த படுக்கையில் இருக்கிறது. பொள்ளாச்சியில் ஒரு காலத்தில் குப்பையாகக் குவிந்த பொருள்தான் இன்று அந்தப் படுக்கை.

ஒரு மலைப்பாம்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய, அது உரித்துப் போட்ட சட்டையைப் பார்த்தால் போதும். காலுறையைக் கழற்றியது போல முகவாயிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாக வந்திருக்க வேண்டும். கண்களை மூடியிருக்கும் இரண்டு கண்ணாடிச் செதில்களும் அதோடு வந்திருக்க வேண்டும். மாறாக, நொறுங்கிய அப்பளம் போலத் தொட்டி முழுக்கச் சிதறிக் கிடந்தால் பாம்புக்கு ஈரம் போதவில்லை என்று பொருள். மே மாத டெல்லியில், ஏர்கண்டிஷனர் ஓயாமல் ஓடும் அறையில் பாம்பு வளர்ப்பவருக்கு இந்த அப்பளம் புதிதாக இருக்காது.

உரியாமல் தங்கும் தோல் அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. வால் நுனியைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி காய்ந்து விழும். கண் செதில் அடுத்தடுத்த உரிப்புகளிலும் தங்கிவிட்டால் பார்வைக்கே ஆபத்து. பதறிப்போய் இடுக்கியால் பிய்த்து எடுப்பவர்கள் கண்ணையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறார்கள்.

இங்கே பேசப்படும் பாம்பு, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் என்பதால் இந்தப் பெயர். விஷம் இல்லை, கடிப்பதும் அபூர்வம். ஆகவே உலகம் முழுவதும் செல்லப் பிராணியாகிவிட்டது. நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. சாரையானாலும் சரி, நம்மூர் மலைப்பாம்பானாலும் சரி, பிடித்து வைத்தால் வழக்குதான். பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களுக்கும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கடிவாளம் போட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, வைத்திருப்பவர் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். குட்டி பொரித்தாலும், கைமாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். கடத்தல் ஓயவில்லை என்பது வேறு விஷயம். 2023 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து பெங்களூரு விமான நிலையம் வந்த பெட்டிகளைத் திறந்தபோது 55 பந்து மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் இருந்தன. கூடவே இருந்த ஆறு குரங்குகள் இறந்துகிடந்தன.

முறையாக வாங்கியவர்களும் முதல் கோணலைப் போடும் இடம் தொட்டியின் தரை. கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிதான் இதன் தாயகம் என்று படித்ததும் ஆற்று மணலை அள்ளிப் பரப்புகிறார்கள். புல்வெளி காய்ந்து கிடப்பது உண்மை. ஆனால் பாம்பு புல்வெளியின் மேல் வாழ்வதில்லை. பகல் முழுவதும் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் கிடக்கிறது. மேலே அனல் காற்று வீசும்போதும் வளைக்குள் மண்ணின் ஈரம் காற்றில் கலந்து நிற்கும். கண்ணாடித் தொட்டியில் அந்த வளையைத்தான் உண்டாக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டியும், சட்டை உரிக்கும் நாட்களில் 70 வரையும் இருக்க வேண்டும். அதே சமயம் வயிறு படும் மேல்பரப்பு நனைந்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக அமைவதுதான் சிரமம்.

செய்தித்தாள் மலிவு, சுத்தம். புதிதாக வந்த பாம்பைத் தனியே வைத்துக் கண்காணிக்கும் வாரங்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. எச்சமும் உண்ணியும் உடனே கண்ணில் படும். ஆனால் ஈரத்தை வைத்துக்கொள்ளாது. மேலைநாட்டுக் கடைகளில் விற்கும் ஆஸ்பென் மரச் சீவல் வறண்ட இடத்துப் பாம்புகளுக்குச் சரி; ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். மர அறுவை மில்லில் சும்மா கிடைக்கும் தூளை எடுத்து வருவது விபரீதம். எந்த மரம், எந்த மருந்து அடித்தது என்று யாருக்கும் தெரியாது. தேவதாரு, பைன் போன்ற வாசனை மரமென்றால் அதன் எண்ணெய் ஆவி மூடிய தொட்டியில் பாம்பின் நுரையீரலைப் பதம் பார்க்கும்.

மிச்சமிருப்பது தென்னை. உரிமட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் பழுப்புத் தூளைப் பொள்ளாச்சிப் பக்கம் தொழிற்சாலை ஓரங்களில் மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். எளிதில் மக்காது, மழை பெய்தால் அதிலிருந்து வழியும் செந்நீர் கிணறுகளைக் கெடுத்தது. பின்னர் அதையே கழுவி, உலர்த்தி, செங்கல்லாக அழுத்திக் கப்பலேற்றக் கற்றுக்கொண்டார்கள். பெரும்பகுதி வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குப் போகிறது. ஊர்வனக் கடைகளில் பளபளப்பான உறைக்குள் அமர்ந்திருப்பதும் இதே தூள்தான். 650 கிராம் செங்கல் ஒன்றை வெந்நீரில் போட்டால் ஏறக்குறைய எட்டு லிட்டர் அளவுக்கு உப்புகிறது. தூளின் துளைகள் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக விடுகின்றன. வளை செய்யும் வேலையும் அதுதான்.

வாங்கும்போது இரண்டைக் கேட்க வேண்டும். உப்பு நீக்கிக் கழுவியதா? செடிக்கென்று உரம் கலந்ததா? உரம் கலந்தது பாம்புக்கு ஆகாது. கழுவாததை வீட்டிலேயே இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துகொள்ளலாம். வெறும் தூளாகப் போட்டால் காய்ந்த மேல்பகுதி புழுதியாகிப் பாம்பின் மூக்கிலும் உதட்டோரக் குழிகளிலும் அடையும். மட்டையை அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி விற்பதையும் பாதிக்குப் பாதி கலந்தால் இந்தத் தொல்லை குறையும். ஆழம் மூன்று அங்குலமாவது வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது. ஈரம் குறைந்தால் மேலே தெளிக்காமல், தொட்டியின் மூலைகளில் ஊற்றினால் அடிப்பகுதி நனையும், மேல்பகுதி காய்ந்தே இருக்கும்.

இதுவரை சொன்னது டெல்லிக்கு. வெளிநாட்டுக் கையேடுகள் எழுதப்பட்டது ஹீட்டர் போட்ட வறண்ட வீடுகளுக்கு. அதை அப்படியே ஜூலை மாத மும்பையில் பின்பற்றினால் பாம்பு பிழைக்காது. அங்கே வெளிக்காற்றிலேயே 80 சதவீதத்துக்கு மேல் ஈரம். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் நனைந்த தென்னைத் தூளை நிரப்பினால், சில வாரங்களில் வயிற்றுச் செதில்கள் சிவந்து கொப்பளிக்கும். பிறகு அழுகும். அந்த மாதங்களில் படுக்கையை ஒரு அங்குலமாகக் குறைத்து, தண்ணீரே ஊற்றாமல், காற்றோட்டத்தை அதிகமாக்குவதுதான் வழி. டிசம்பர் மாத பெங்களூரு இன்னொரு வகை. அங்கே இரவில் 15 டிகிரிக்கு இறங்கும் குளிரோடு ஈரப் படுக்கையும் சேர்ந்தால் பாம்புக்குச் சளி பிடிக்கும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, உதட்டோரம் குமிழி, தலையை அண்ணாந்து வைத்திருப்பது எல்லாம் நுரையீரல் பாதிப்பின் அறிகுறி. ஊர்வன வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் பெருநகரங்களிலேயே எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே முதலில் சூடு, பிறகு ஈரம். தொட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 என்று நிலைத்த பிறகே தண்ணீர்க் குவளையை எடுக்க வேண்டும்.

ஈரமானியின் முள்ளை மட்டும் நம்புவோர் அதைத் தொட்டியின் உச்சியில் தொங்கவிடுகிறார்கள். பாம்பு கிடப்பது தரையில். கருவியையும் அங்கேதான் வைக்க வேண்டும்.

சில வாரங்களுக்கு ஒருமுறை பாம்பின் கண்கள் நீலம் பாய்ந்து பால் பூத்தாற்போல் ஆகும். அப்போது இரை கொடுக்காமல், தொடாமல் விட்டுவிட்டு, மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பாவுக்குள் ஈரப் பாசியை அடைத்து உள்ளே வைத்தால் போதும். பாம்பு தானாக அதற்குள் நுழைந்துகொள்ளும். கண் மீண்டும் தெளியும். அதற்குச் சில நாள் கழித்து, பெரும்பாலும் இரவில், மூக்கைத் தரையில் உரசத் தொடங்கும். காலையில் சட்டை கிடக்கும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கண் செதில் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.