செராஸ் நிலவரைபடத்தில் தமிழ்ப் பெயர்கள்: புவியியல் கோப்பு வடிவங்கள் குறித்த ஓர் அறிமுகம்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வாழ்விடங்களை ஆராய்வோர்க்கு நிலவரைபடம் இன்றியமையாத கருவியாகும். தமிழ்ப்பள்ளிகள், தோட்டத்துக் கோயில்கள், இடிக்கப்பட்ட லயங்கள் ஆகியவற்றின் இருப்பிடங்களைக் கணினியில் பதிவு செய்வது இன்று மாணவர் இடுபணியிலும் செய்யத்தக்க எளிய பணியாகிவிட்டது. எனினும், தரவைத் திரட்டுவதில் நாம் காட்டும் அக்கறையை அதனை எந்தக் கோப்பு வடிவில் சேமிப்பது என்பதில் காட்டுவதில்லை. அது கணினித் துறையினரின் வேலை என ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், பதிந்த பெயர் தமிழிலேயே நிலைக்குமா, குறித்த இடம் உரிய இடத்திலேயே நிற்குமா என்பவற்றை முடிவுசெய்வதில் கோப்பு வடிவத்திற்குப் பெரும்பங்கு உண்டு. செராஸ் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

செராஸ்: ஓர் இடம், பல பெயர்கள்

செராஸ் என்னும் பெயர் ஒரே நிருவாக எல்லைக்குள் அடங்குவதன்று. அதன் ஒரு பகுதி 1974இல் கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரிலும், மறுபகுதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்திலும் உள்ளது. காஜாங் நோக்கிச் செல்லும் பழைய சாலையின் மைல் கணக்கே சில இடங்களுக்குப் பெயராயிற்று. மலாய் மொழியில் மைல்கல்லைக் குறிக்கும் 'பத்து' என்னும் சொல்லுக்கு ஈடாக மலேசியத் தமிழர் 'கட்டை' என்பர். 2017இல் திறக்கப்பட்ட பெருவிரைவு இரயில் நிலையம் ஒன்று 'பத்து 11 செராஸ்' என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. தமிழ் வழக்கில் அவ்விடம் பதினோராங்கட்டை. அரசு ஆவணத்தில் முதற்பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாவது பெயரைக் காப்பது ஆய்வாளரின் பொறுப்பாகும்.

ஷேப்ஃபைலும் தமிழ் எழுத்தும்

புவியியல் தகவல் முறைமையில் மிகப் பரவலாக வழங்கும் வடிவம் ஷேப்ஃபைல். எஸ்ரி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இதன் விவரக்குறிப்பு 1998இல் வெளியிடப்பட்டது. ஒரே கோப்பு போலப் பேசப்பட்டாலும் இது பல கோப்புகளின் தொகுதியாகும். வடிவங்களைக் கொண்ட எஸ்.எச்.பி., அதன் சுட்டியான எஸ்.எச்.எக்ஸ்., பெயர் முதலிய பண்புகளைக் கொண்ட டி.பி.எஃப். ஆகிய மூன்றும் கட்டாயமானவை. நிலஅளவை முறையைக் கூறும் பி.ஆர்.ஜே.யும் எழுத்துக் குறியீட்டைக் கூறும் சி.பி.ஜி.யும் விருப்பத்திற்குரியவை.

தமிழுக்கு இடர் விளைவது டி.பி.எஃப். அட்டவணையில்தான். அதில் புலப்பெயர் பத்து பைட்டுகளைத் தாண்டக்கூடாது. யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். எனவே 'ஊர்' என்பது ஒன்பது பைட்டுகளில் அடங்கும். 'பெயர்' என்பதோ பதினைந்து பைட்டுகள் ஆதலால் அடங்காது. உரைப் புலத்தின் எல்லை 254 பைட்டுகள். அதாவது ஏறத்தாழ 84 தமிழ்க் குறியீடுகள். ஒரு கோயிலின் முழுப்பெயரும் அது இடம்பெயர்ந்த வரலாறும் இதற்குள் அடங்குவது அரிது. சி.பி.ஜி. கோப்பு விடுபட்டால், பெறுபவரின் கணினி வேறொரு குறியாக்கத்தைக் கருதிக்கொள்ளும். தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

இடம் பெயரும் புள்ளிகள்

பி.ஆர்.ஜே. விடுபடுவதால் நேர்வது இதனினும் நுட்பமான பிழையாகும். தீபகற்ப மலேசியாவின் பழைய நிலவரைபடங்கள் 'கெர்தாவ்' என்னும் அடிப்படை அளவையில் அமைந்தவை. இன்றைய கைப்பேசி தரும் ஆயத்தொலைவுகள் டபிள்யூ.ஜி.எஸ்.84 அளவையைச் சார்ந்தவை. இரண்டையும் மாற்றமின்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கோலாலம்பூர் வட்டாரத்தில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட விலகல் தோன்றும். சாலையின் ஒரு பக்கத்தில் இருந்த கோயில் மறுபக்கத்தில் இருந்ததாக வரைபடம் காட்டிவிடும்.

பகிர்வதற்கான வடிவங்கள்

கூகுள் 2004இல் வாங்கிய கீஹோல் நிறுவனத்தில் தோன்றிய கே.எம்.எல்., 2008இல் திறந்த புவியியல் கூட்டமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. கூகுள் எர்த்தில் உடனே திறந்து காட்ட இது பொருத்தமானது. 2016இல் இணையத் தரமாக வரையறுக்கப்பட்ட ஜியோஜேசான், சாதாரண உரைக்கோப்பாகவே படிக்கத்தக்கது. இவ்விரண்டும் ஒருங்குறித் தமிழை இயல்பாக ஏற்கின்றன; இரண்டும் டபிள்யூ.ஜி.எஸ்.84 அளவையையே கொள்வதால் மேற்கூறிய ஐயத்திற்கும் இடமில்லை.

இவற்றில் நெட்டாங்கு முதலிலும் அகலாங்கு அடுத்தும் வரவேண்டும். செராஸுக்கு 101.7, 3.1 என்பதே முறை. வரிசை மாறினால் அகலாங்கு 90 பாகையைக் கடந்துவிடுவதால் பிழை வெளிப்பட்டுவிடும். மதுரைக்கு அவ்வாறு மாற்றினால் புள்ளி ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். மென்பொருள் அதனைப் பிழையெனச் சுட்டாது.

சேமிப்பதற்கான வடிவம்

2014இல் தரமாக்கப்பட்ட ஜியோபேக்கேஜ், எஸ்.கியூ.லைட் தரவுத்தளத்தை அடிப்படையாகக் கொண்ட ஒற்றைக் கோப்பாகும். புள்ளி, எல்லை, அட்டவணை, அளவை விவரம் அனைத்தும் அதனுள்ளேயே அடங்கும். துணைக்கோப்பு விடுபடும் அச்சமில்லை. புலப்பெயரைத் தமிழிலேயே முழுமையாக இடலாம். கட்டணமற்ற கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் 2018இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் இதனையே இயல்பு வடிவமாகக் கொண்டுள்ளது.

முடிவுரை

ஆகவே, மூலத் தரவை ஜியோபேக்கேஜில் காத்து, ஜியோஜேசானில் பகிர்ந்து, கே.எம்.எல்.லில் காட்சிப்படுத்துவது தமிழாய்வாளர்க்கு ஏற்ற முறையாகும். ஷேப்ஃபைலைக் கேட்கும் அலுவலகத்திற்கு அதன் துணைக்கோப்புகள் அனைத்தையும் ஒரே பொதியாக அனுப்ப வேண்டும். ஒவ்வோர் இடத்திற்கும் மலாய்ப் பெயர், தமிழ்ப் பெயர், பேச்சு வழக்கு, ஆண்டு, தகவல் மூலம் என ஐந்து புலங்களேனும் தேவை. இடம்பெயர்ந்த கோயிலுக்குப் பழைய புள்ளியை அழித்துப் புதியதை இடாமல், இரண்டையும் ஆண்டுகளுடன் பதிதல் வேண்டும். தோட்ட வாழ்வை நேரில் அறிந்த தலைமுறை அருகி வருகிறது. அவர்கள் சொன்ன பெயர் கோப்பில் சிதைந்துபோனால், அதனை மீண்டும் கேட்டறிய அவர்கள் இருக்கமாட்டார்கள்.