பாட்டு கிளாஸைப் பதிவு செய்கிறீர்களா?

பாட்டு கிளாஸுக்குப் போகிறவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு போனையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். டீச்சர் ஸ்ருதிப்பெட்டியைப் போட்டதுமே ரெக்கார்டரைத் தட்டிவிடுகிறார்கள். நல்ல பழக்கம். பதிந்ததை வீட்டில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

கர்நாடக சங்கீதம் படிப்பவருக்குப் பதிவு அவசியம். தோடி ராகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் 'க' என்று ஓர் எழுத்துதான் இருக்கும். பாடும்போதோ அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். சுப்பராம தீட்சிதர் 1904-ல் வெளிவந்த தம் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் இத்தகைய அசைவுகளான கமகங்களுக்கென்றே தனிக் குறியீடுகள் வைத்தார். அப்பேர்ப்பட்ட நூல் கையில் இருந்தாலும், காதால் கேட்காமல் தோடி வராது. குருகுலத்தில் சிஷ்யர்கள் குருவின் வீட்டிலேயே இருந்து நாள் முழுக்கக் கேட்டார்கள். வாரம் ஒரு மணி நேரம் படிப்பவருக்கு அதை ஓரளவாவது ஈடுகட்டுவது பதிவுதான்.

ஆசிரியர் பாடியதை மட்டும் பதிந்துவிட்டு, தன் முறை வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாடும்போது நம் குரல் எலும்பின் வழியாகவும் காதுக்குப் போவதால் நமக்கு அது கனமாக, நிறைவாகக் கேட்கும். ஸ்ருதி விலகுவது பிடிபடாது. பதிவில் அப்பட்டமாகத் தெரியும். மேல் ஷட்ஜத்தில் நின்றபோது குரல் ஓர் இழை இறங்கியது, ஆசிரியர் "ம்ஹும், இன்னொரு தடவை" என்றது, மூன்றாவது முறை சரியாக வந்து சேர்ந்தது எல்லாமே அதில் இருக்கும். அன்றைய பாடம் அந்த இடம்தான்.

போனைத் தம்புராப் பெட்டியை ஒட்டி வைத்தால் குரல் அமுங்கிப்போகும். இரண்டடி தள்ளி வையுங்கள். ஜூம் வகுப்பென்றால் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஜூம் தம்புராவையும் இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடும். சங்கதி பிடிபடாவிட்டால், ஸ்ருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் ஆப்கள் இருக்கின்றன. கமகத்தின் போக்கு புரிந்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிடுங்கள். இழுத்துக் கேட்ட அசைவே பழகிவிட்டால் ராகம் கெட்டுவிடும்.

பதிவதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வகுப்பில் அவர் பாதிக் குரலில் பாடுவார், நடுவில் நிறுத்துவார், திட்டுவார். அது உங்களுக்காகப் பாடியது. வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்ப வேண்டாம்.

இன்றைய பதிவை இன்றிரவே ஒருமுறை கேளுங்கள். ஆசிரியர் திருத்திய இடங்களை நோட்டில் குறித்துக்கொண்டு, நாளைக் காலை சாதகத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.