தோலின் தளர்ச்சி: எந்த வழிக்கு என்ன செலவு?

வயது ஏற ஏறத் தோல் தளர்வது இயற்கை. அதனை மீண்டும் இறுக்கித் தருவதாகக் கூறும் வழிகளோ நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. களிம்பு, கொலாஜன் தூள், ஊசி, லேசர், அறுவை சிகிச்சை என அப்பட்டியல் நீள்கிறது. மகள் திருமணத்துக்கு முன் முகச் சிகிச்சை செய்துகொள்ளும் பொருட்டு, வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்கும் வாடிக்கையாளர்களை இப்போது கிளைகளில் காண்கிறோம். அவரவர் முகம், அவரவர் விருப்பம்; அதில் தீர்ப்புக் கூறுவது எங்கள் வேலை அன்று. எனினும், சேமிப்பைச் செலவிடும் முன் ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது எங்கள் கடமை எனக் கருதுகிறோம்.

தளர்ச்சியின் காரணம்

தோலின் உறுதிக்கு கொலாஜனும், அதன் மீள்தன்மைக்கு எலாஸ்டினும் அடிப்படை. இளமைக்குப் பின் கொலாஜன் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் இக்குறைவு விரைவுபடுகிறது. வெயிலும் புகைப்பழக்கமும் இவ்விழப்பை மேலும் கூட்டுகின்றன.

வழிகளும் பலன்களும்

முதலாவது, சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் 903 பேரிடம் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நாள்தோறும் பூசியவர்களின் தோலில் நாலரை ஆண்டுகளில் மூப்பு அளவிடத்தக்க வகையில் கூடவில்லை. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதைத் தேர்வது நலம். இது தளர்ந்த தோலை இறுக்காது. மேலும் தளர்வதைத் தாமதப்படுத்தும்.

இரண்டாவது, ரெட்டினாய்டு களிம்புகள். இவற்றுள் டிரெட்டினோயின் மருத்துவர் சீட்டின் பேரிலேயே வாங்க வேண்டிய மருந்து. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் எரிச்சலும் தோல் உரிதலும் நேரலாம். கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, கொலாஜன் பொருள்கள். கொலாஜன் மூலக்கூறு பெரிது. களிம்பாகப் பூசினால் ஈரப்பதம் தருமேயன்றித் தோலின் உள்ளடுக்கை அடையாது. உண்ணும் தூளோ வயிற்றில் செரிக்கப்பட்டுச் சிறு கூறுகளாகிவிடும். அதன் பலன் குறித்து மருத்துவ உலகில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

நான்காவது, கருவிச் சிகிச்சைகள். ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட், லேசர் ஆகியன வெப்பத்தால் கொலாஜனைச் சுருக்கிப் புதிய கொலாஜன் உருவாகத் தூண்டுகின்றன. மிதமான தளர்ச்சிக்கு ஓரளவு பயன் உண்டு. ஆயினும் நம் நாட்டவரின் மாநிறத் தோலில், குறிப்பாக லேசருக்குப் பின், கருமை படியும் வாய்ப்பு அதிகம்.

ஐந்தாவது, ஊசிகள். போடாக்ஸ் தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கிறது. தொங்கும் தோலை இறுக்குவதில்லை. அதன் பலன் 3 முதல் 4 மாதங்கள் நிற்கும்.

இறுதியாக, அறுவை சிகிச்சை. மிகத் தளர்ந்த தோலுக்குத் தெளிவான மாற்றம் தருவது இதுவே. பலன் பல ஆண்டுகள் நிற்கும். மயக்க மருந்து, தழும்பு, ஓய்வுக் காலம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆண்டுக் கணக்கே உண்மைக் கணக்கு

விளம்பரங்கள் ஒரு முறைக்கான விலையையே கூறுகின்றன. நாம் காண வேண்டியது ஆண்டுச் செலவு. ஓர் ஊசிச் சிகிச்சைக்கு ரூ.12,000 எனக் கொள்வோம். ஆண்டுக்கு 3 அல்லது 4 முறை எனில், செலவு ரூ.36,000 முதல் ரூ.48,000 வரை ஆகும். நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் முகத்துக்கும் கழுத்துக்கும் பூசினால், 50 கிராம் சன்ஸ்கிரீன் 50 நாள் வரும். ஒன்றின் விலை ரூ.500 எனக் கொண்டால், ஆண்டுச் செலவு ஏறத்தாழ ரூ.3,650.

அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கைகொடுப்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கே விதிவிலக்கு உண்டு.

சில சிகிச்சை நிலையங்கள் மாதத் தவணை வசதி அளிக்கின்றன. ரூ.1,00,000 கடனை ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் 12 தவணைகளில் செலுத்தினால், மாதம் ஏறத்தாழ ரூ.9,456 ஆகும், வட்டி மட்டும் சுமார் ரூ.13,470. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டா. அத்தகைய திட்டங்களில் வட்டி வேறு கட்டணமாக மறைந்திருப்பதை ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன்களுக்கு மொத்தச் செலவைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தந்தாக வேண்டும். அதனைக் கேட்டுப் பெற்றுப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

பணம் செலுத்தும் முன்

சிகிச்சை அளிப்பவர் தகுதி பெற்ற தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் அறுவை மருத்துவரா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து அமர்வுகளுக்கு ஒருங்கே முன்பணம் கேட்டால், ஓர் அமர்வுக்கு மட்டும் செலுத்திப் பலனைப் பாருங்கள். இடையில் நிறுத்தினால் மீதித் தொகை திரும்புமா என்பதை எழுத்தில் பெறுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

வைப்புநிதியை முதிர்வுக்கு முன் முடித்தால், வைத்திருந்த காலத்துக்குரிய வட்டியே கிடைக்கும். பல வைப்புகளில் அதிலும் ஒரு பகுதி அபராதமாகக் கழியும். பணம் தேவையே எனில், வைப்பை முடிக்காமல் அதன்மீது கடன் பெறும் வழியும் உண்டு. முதுமைக்கால மருத்துவச் செலவுக்கென ஒதுக்கிய தொகையை மட்டும் தொடாதீர்கள். முகத்தில் தோன்றும் சுருக்கத்துக்கு மருந்து தேடப் பின்னரும் காலம் உண்டு. எழுபது வயதில் தீர்ந்துபோன சேமிப்பை மீண்டும் சேர்ப்பது அரிது.