தாய்மாமனைப் பற்றி மருத்துவர் ஏன் கேட்கிறார்?

ஓராண்டுக்குள் இரண்டாவது முறையாக நிமோனியா கண்ட ஆண் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விவரமறிந்த மருத்துவர் சளி, காய்ச்சல் பற்றி விசாரித்துவிட்டு, "அம்மாவோட அண்ணன் தம்பி யாராவது சின்ன வயசிலேயே தவறிப் போயிருக்காங்களா?" என்றும் கேட்பார். காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமனுக்கும் நிமோனியாவுக்கும் என்ன தொடர்பு?

1952இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், மீண்டும் மீண்டும் கடுமையான கிருமித்தொற்றுக்கு ஆளான 8 வயதுச் சிறுவன் ஒருவனின் இரத்தத்தைச் சோதித்தார். புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நோயெதிர்ப்புப் புரதங்கள் இருப்பது அந்தப் பகுதியில்தான். ஊசி மூலம் அதைக் கொடுத்ததும் சிறுவன் தேறினான். இதற்குக் காரணமான பிடிகே மரபணு 1993இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய்க்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். மகனுக்கு இருப்பதோ ஒன்றுதான். அதனால்தான் தாய்வழி ஆண்களைப் பற்றிக் கேட்கிறார்கள்.

பிறவியிலேயே வரும் நோயெதிர்ப்புக் குறைபாடுகள் இன்று 450க்கும் மேல். படிவம் 4 உயிரியல் நூலில் 11ஆம் அத்தியாயத்தில் நாம் மனப்பாடம் செய்த ஒவ்வோர் அணுவுக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரு பழுது உண்டு என்று சொல்லலாம்.

ஆய்வகத் துறையில் படிக்கும் எனக்கு வியப்பளித்தது, முதல் தடயம் பெரும்பாலும் மிக மலிவான சோதனையிலேயே கிடைத்துவிடுகிறது என்பது. முழு இரத்த எண்ணிக்கை எந்த மருத்துவமனையிலும் எடுப்பார்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 2,000 லிம்போசைட்டுகள் இருந்தால் பெரியவர்களுக்கு அது சரியான அளவு. மூன்று மாதக் குழந்தைக்கு அதே எண் எச்சரிக்கை மணி. வயதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால், தாளில் இருக்கும் விடை கண்முன்னே நழுவிவிடும்.

அடுத்து ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் ஆகிய நோயெதிர்ப்புப் புரதங்களின் அளவு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கருவில் இருக்கும்போதே தாயின் ஐஜிஜி குழந்தைக்கு வந்துவிடுகிறது. அந்தச் சீதனம் தீர ஆறு மாதம் ஆகும். புரூட்டன் குறைபாடுள்ள குழந்தை அதுவரை நன்றாகவே இருக்கும். பிறகுதான் காதில் சீழ், நெஞ்சில் சளி என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும். ஃபுளோ சைட்டோமீட்டர் கருவியில் லேசர் ஒளி பாய்ச்சி அணுக்களை வகை வகையாக எண்ணினால், பி அணுக்களே இல்லாதது அப்போது வெளிச்சத்துக்கு வரும்.

ஆனால் கருவியைவிடப் பயணம்தான் சில நேரங்களில் பெரிய பாடு. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட ஐஎம்ஆர் எனும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இப்போது சிலாங்கூர், செத்தியா ஆலாமில் இயங்குகிறது. ஜோகூர் பாருவிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். டிஎச்ஆர் என்ற சோதனைக்கு உயிரோடிருக்கும் வெள்ளையணுக்கள் தேவை. கிருமியைக் கொல்ல அவை ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகின்றனவா என்று பார்ப்பதே அதன் வேலை. உண்டாக்கினால் சாயம் ஒளிரும். நாட்பட்ட கிரானுலோமா நோயில் ஒளிராது. இரத்தம் ஒரு நாளைக்குமேல் காத்திருந்தால் அணுக்கள் தாமாகவே சோர்ந்துவிடும். ஆகவே நலமாக உள்ள ஒருவரின் இரத்தத்தையும் அதே நேரத்தில் எடுத்து, அதே பெட்டியில் சேர்த்து அனுப்புவார்கள். அதுவும் ஒளிரவில்லையென்றால் பழுது குழந்தையிடம் இல்லை, நெடுஞ்சாலையில்! வாரக் கடைசியில் இரத்தம் எடுப்பதையும் தவிர்ப்பார்கள். 2014 முதல் 2024 வரை நமக்கு வெள்ளி, சனி விடுமுறை, சிலாங்கூருக்குச் சனி, ஞாயிறு. வியாழன் மாலை எடுத்த இரத்தத்துக்கு என்ன கதியாகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இச்சோதனையைத் தாய்க்கும் செய்வதுண்டு. பழுதான எக்ஸைச் சுமக்கும் தாயின் வெள்ளையணுக்களில் ஒரு பகுதி ஒளிரும், மற்றொரு பகுதி இருண்டிருக்கும். திரையில் இரண்டு மேடுகளாகத் தெரியும் அந்தப் படத்தை விரிவுரையில் பார்த்தபோது, எங்கள் வகுப்பே சற்று நேரம் பேசவில்லை.

எல்லாவற்றிலும் கடுமையானது எஸ்சிஐடி. இதில் டி அணுக்களே உருவாவதில்லை. 240 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்றவர்களில் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். கிருமித்தொற்று இருக்கும்போதே சிகிச்சை பெற்ற, வயது கூடிய குழந்தைகளில் பிழைத்தவர்கள் பாதிப்பேர்தான். நாள்தான் உயிர். குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் டிரெக் எனும் டிஎன்ஏ வளையங்களை எண்ணி இதைக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் தொடங்கியது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 2019 முதல் இச்சோதனை உண்டு. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி, தைராய்டு குறைபாடுகளைப் பார்க்கிறார்கள். அந்த வழக்கமான பட்டியலில் எஸ்சிஐடி இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது பிசிஜி ஊசி. நம் தோளில் தழும்பாக நிற்கும் அதில் இருப்பது பலவீனப்படுத்தப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி. நம்மைக் காக்கும் அதுவே எஸ்சிஐடி குழந்தையின் உடலெங்கும் பரவி நோயாகக்கூடும். ஊசியோ பிறந்தவுடனே போடப்படுகிறது. எனவே குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அல்லது காரணம் தெரியாமல் கைக்குழந்தைகள் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சொல்வதுதான் நம் வீடுகளில் கடினம். என் அம்மாவுக்கு இரண்டு அண்ணன்கள் இருந்தார்களாம். இருவரும் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில், நடை பழகும் வயதில் இறந்துபோனார்கள். இது எனக்குத் தெரிந்ததே சென்ற ஆண்டுதான், குடும்ப மரம் வரையும் ஒப்படைப்புக்காகக் கேட்டபோது. "காய்ச்சல்" என்றார் பாட்டி. தோட்டத்தில் அந்நாளில் எந்தக் காய்ச்சலும் இருந்திருக்கலாம். என் தம்பி நலமாகத்தான் இருக்கிறான். ஆனாலும் மரத்தில் இரண்டு சதுரங்களை வரைந்து, குறுக்கே கோடு போட்டேன். பாட்டி பெயர்களைச் சொன்னார், எழுதிக்கொண்டேன்.