பக்கத்து வீட்டு நாயால் வரும் பகை... கையை ஓங்காமல் தீர்க்க வழி இருக்கிறது!

விடியற்காலை மூன்றரை மணிக்கே தண்டையார்பேட்டைத் தெருக்களில் நடமாட்டம் தொடங்கிவிடும். காசிமேட்டு ஏலத்துக்கு அன்னக்கூடையோடு கிளம்பும் பெண்கள், நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் திரும்பும் துறைமுகத் தொழிலாளர்கள், ஐந்து மணி ஜிம்முக்கு ஓடும் பையன்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்பே விழித்திருப்பவை தெரு நாய்கள். ஒன்று குரைத்தால் தெருவே குரைக்கும். துரத்தலில் பைக் சாயும். "சோறு போட்டு வளக்குறது நீங்க, கடி வாங்குறது நாங்களா?" என்று ஒரு வீட்டு வாசலில் சத்தம் எழும்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரே சுவரைப் பங்கு போடும் இரண்டு குடும்பங்கள், ஆறடிச் சந்து. இங்கே நாய் என்பது ஒரு வீட்டு விஷயமாக இருக்க முடியாது. அதிலும் புதிதாகக் குடிவந்தவருக்கும் பல காலமாக இருப்பவருக்கும் நடுவில் நாய் வந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் மாடியில் ஜிம் திறந்து, வாசலில் ராட்வீலரைக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது காவல். எதிர்வீட்டுப் பாட்டிக்கு அது பயம். "நேத்து வந்தவன்" என்று ஒரு பக்கமும், "பொறாமை" என்று மறுபக்கமும் பேச்சு முற்றும்போது, நாயை எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள்.

இத்தனைக்கும் இந்த ஊரின் பெயரே வெளியூர்க்காரர் ஒருவரால் வந்தது என்பார்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் 'தொண்டியார்' என்று அழைத்தார்கள். அதுவே தொண்டியார்பேட்டை ஆகி, பிறகு தண்டையார்பேட்டை ஆனதாம். வந்தவரை வாழவைத்த பேட்டையில் ஒரு நாய்க்காக இரண்டு வீடுகள் ஜென்மப் பகையாவது எத்தனை வருத்தம்!

வாய்ச்சண்டை எங்கே போய் முடியும்?

'நாய்ச் சண்டைதானே' என்று சிரித்துவிட்டுப் போக முடியாது.

2023 ஜனவரி. திண்டுக்கல் மாவட்டம் தாடிக்கொம்பு அருகே ஒரு கிராமம். உறவினர்களான இரண்டு வீட்டாருக்கு இடையே நாயைக் கட்டிப்போடுவது பற்றிப் பலமுறை தகராறு. பெயர் சொல்லாமல் 'நாய்' என்று சொன்னதே வளர்த்தவர்களுக்குக் கோபம். நாயை விரட்டக் கம்பு எடுத்து வரும்படி 62 வயது பெரியவர் தன் பேரனிடம் சொன்னார். அதைக் கேட்டு ஆத்திரமடைந்த பக்கத்து வீட்டு இளைஞர் தாக்கியதில் பெரியவர் உயிரிழந்தார் என்றது போலீஸ்.

அதே வருடம் ஆகஸ்ட் 17 இரவு, மத்தியப்பிரதேசத்தின் இந்தூர். நாய்களை நடைக்கு அழைத்துச் சென்ற இரண்டு அக்கம்பக்கத்தாரிடையே வாக்குவாதம். அவர்களில் ஒருவர் வங்கிக் காவலாளி. வீட்டுக்குள் போனவர் துப்பாக்கியோடு பால்கனிக்கு வந்து சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். ஆறு பேருக்குக் காயம்.

உலகமே கவனித்த வழக்கு ஒன்றும் உண்டு. கம்ப்யூட்டர் வைரஸ் தடுப்பு மென்பொருளால் கோடீஸ்வரரான ஜான் மெக்காஃபி, மத்திய அமெரிக்க நாடான பெலீஸின் ஒரு தீவில் குடியிருந்தார். கடற்கரையில் சுற்றித் திரிந்த அவருடைய நாய்களால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை. பக்கத்தில் வசித்த இன்னொரு அமெரிக்கர், 2012 நவம்பரில் உள்ளூர் நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். அடுத்த சில நாட்களில், தன் நாய்கள் நான்குக்கு யாரோ விஷம் வைத்துவிட்டதாக மெக்காஃபி சொன்னார். நவம்பர் 11-ம் தேதி அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். விசாரணைக்குத் தேடப்பட்ட மெக்காஃபி நாட்டைவிட்டே ஓடினார். கடைசிவரை அவர் மறுத்தார். கொலை வழக்கும் அவர்மீது பதிவாகவில்லை. ஆனால், இறந்தவரின் குடும்பத்துக்கு 2.5 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்டது.

மூன்று இடங்களிலும் பணம், படிப்பு, ஊர் எல்லாம் வேறு வேறு. தொடக்கம் மட்டும் ஒன்றுதான்: நாயைப் பற்றிய ஒரு குறை.

பயத்திலும் நியாயம் இருக்கிறது

நாய்க்குப் பயப்படுகிறவரைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் 55 வயதுக்காரர் ஒருவர், தெருவில் பக்கத்து வீட்டு பிட்புல் கடித்து இறந்தார். தடுக்கப் போன வளர்த்தவருக்கும் கடி.

தெரு நாய்களின் எண்ணிக்கையும் சாதாரணமில்லை. 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள். 2018-ல் இது 57 ஆயிரத்துச் சொச்சம்தான். மீன் கழிவும் குப்பையும் தாராளமாகக் கிடைக்கிற வடசென்னையில் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

அதற்காக விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் தீர்வாகாது. பல்லாண்டு காலம் நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்த ஊர்தான் சென்னை. எண்ணிக்கை குறையாததால், கருத்தடைதான் வழி என்று 1964 முதல் வலியுறுத்தியது ப்ளூ கிராஸ். 1996-ல் மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது. இன்றைக்கு ஒரு விலங்கை வேண்டுமென்றே கொல்வதோ முடமாக்குவதோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

வளர்ப்பவருக்கும் சட்டம் உண்டு. தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், அதே சட்டத்தின் 291-ம் பிரிவின்கீழ் ஆறு மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது.

சண்டைக்கென்றே ஒரு குழு

பலருக்குத் தெரியாத செய்தி இது. மத்திய அரசின் 2023-ம் ஆண்டு விலங்குகள் கருத்தடை விதிகளில் 20-ம் விதி, இந்த அக்கம்பக்கச் சண்டைக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. தெரு நாய்களுக்குச் சோறு வைக்கும் இடம், குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் மாடிப்படி, நுழைவாயில்களிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். நேரமும் குழந்தைகள், முதியவர்கள் நடமாட்டத்தைப் பார்த்து முடிவாக வேண்டும். சோறு வைப்பவர் இடத்தை அசுத்தமாக்கக் கூடாது.

இதில் ஒத்துப்போகவில்லை என்றால் கால்நடை அதிகாரி, போலீஸ் தரப்பு, விலங்கு நல அமைப்பு, குடியிருப்போர் சங்கம், புகார் செய்தவர் ஆகியோர் கொண்ட குழு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும், கண்ட இடத்தில் உணவளிக்காமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் அளிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

ஆக, 'நானா, நீயா' என்று வாசலில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாவது மனிதரை நடுவில் கொண்டுவருவதற்கு சட்டமே வழி வைத்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

* முதல் பேச்சு, கோபம் இல்லாத நேரத்தில் நடக்கட்டும். கடி பட்ட நிமிடத்திலும், நாய் விடிய விடியக் குரைத்த மறுநாள் காலையிலும் வேண்டாம். "உங்க நாய்" என்று தொடங்குவதைவிட, "குழந்தை ஸ்கூலுக்குப் போற நேரத்துல மட்டும் கட்டிப்போட முடியுமா?" என்று கேட்பது பலன் தரும்.

* இரண்டாவது முறையும் பலனில்லை என்றால் மூன்றாவது முறை நேரில் போகாதீர்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்து, பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். தேதி, நேரம், நடந்தது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

* மிரட்டலோ கைகலப்போ வந்தால் உடனே போலீஸ். ஆள் சேர்த்துக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள்.

* நாய் வளர்ப்பவர்கள் உரிமம், தடுப்பூசிச் சான்று இரண்டையும் கேட்பதற்கு முன்பே பக்கத்து வீட்டாருக்குக் காட்டிவிடுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். சங்கிலியும் வாய்மூடியும் இல்லாமல் வெளியே அழைத்து வராதீர்கள். "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்பது உங்களுக்குத்தான் தெரியும்; எதிரே வருகிறவருக்குத் தெரியாது.

* தெரு நாய்க்குச் சோறு வைப்பவர்கள் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முன்னின்று உதவுங்கள். அதைப் பார்த்தால் தெருவே உங்கள் பக்கம் வரும்.

* கடி பட்டால் சண்டை பிறகு. முதலில் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், அவர்கள் சொல்லும் தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

ஒரு நாயின் ஆயுள் பத்துப் பதினைந்து வருடம். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகளின் உறவு தலைமுறைக்கும் தொடரும். இரவில் நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடிக்க ஓடி வரப்போவது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். 1913-ஐ அழுத்துவதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். ஓங்கிய கையால் போன உயிரை மீட்க எத்தனை வருடம் நீதிமன்றம் ஏறினாலும் முடியாது.