எதால் வகுத்தீர்கள்?

2022-இல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே தமிழகம்தான் முதலிடம். மத்திய அரசின் கணக்குப்படி அந்த ஆண்டு இங்கே 64,105 விபத்துகள். ஆனால் இறந்தவர்களை எண்ணினால் உத்தரப் பிரதேசம் முந்திக்கொள்கிறது: அங்கே 22,595 பேர், இங்கே 17,884 பேர்.

நூறு விபத்துக்கு எத்தனை சாவு என்று வகுத்தால் தமிழகம் 28, உத்தரப் பிரதேசம் 54, பீகார் 82. நம் 108 ஆம்புலன்ஸை மெச்சத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். பீகாரில் பதிவான விபத்துகளே 10,801தான். கை, கால் முறிவோடு போன மோதல்கள் காவல் நிலையம்வரை வராவிட்டால், இந்த விகிதம் தானாகவே ஏறிவிடும்.

மக்கள்தொகையால் வகுத்தால் எல்லாம் தலைகீழ். லட்சம் பேருக்குத் தமிழகத்தில் சுமார் 23 சாவு. நாட்டின் சராசரி 12. உத்தரப் பிரதேசத்தில் பத்துக்கும் கீழே.

மூன்றுமே சரியான கணக்கு. எதால் வகுத்தோம், எந்த ஆண்டு மக்கள்தொகை என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவதுதான் வம்பு. ஆம்புலன்ஸும் படுக்கையும் ஒதுக்க மொத்த எண்ணிக்கையே போதும் என்பாரும் உண்டு.

புதுவாயல் என்ற ஊரிலோ மக்கள்தொகையால் வகுப்பதே தடுமாறுகிறது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை இவ்வூரைத் தாண்டித்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிறது. ஆந்திரா போகும் லாரிக்காரர் இவ்வூர்க்காரர் இல்லை. ஊர் அளவில் கையில் இருப்பதோ 2011 மக்கள்தொகைக் கணக்கு. அதற்குப் பின் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அதில் இல்லை. அவர்களில் ஒருவர் இங்கே அடிபட்டு இறந்தால் வழக்கு இந்தப் பகுதியில்தான் பதிவாகும். உயிரோடு இருந்தவரை வகுக்கும் எண்ணில் சேராதவர், செத்ததும் வகுபடும் எண்ணில் சேர்ந்துவிடுகிறார்.

ஓடும் வண்டிகளால் வகுக்கலாமே? அதற்கு வழி இருக்கிறது. இதே சாலையில் நல்லூர் டோல்கேட்டில் கார், லாரி, பஸ் எல்லாம் ஃபாஸ்டேக் வழியே பதிவாகின்றன. ஆனால் பைக்குக்குச் சுங்கம் கிடையாது. அதனால் அந்தப் பதிவில் பைக்கும் கிடையாது. நடந்து சாலையைக் கடப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022-இல் நாடு முழுவதும் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்; 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.

ஷிப்ட் மாறும் நேரங்களில் புதுவாயலில் எத்தனை பைக் போகிறது, எத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள் என்று ஒரு வாரம் நின்று எண்ணினால், அடுத்த விபத்து அட்டவணையில் அவர்களுக்கும் ஒரு பத்தி போடலாம்.