நட்டவர் யார்? வளர்த்தவர் யார்?

மரம் நடுவது வேறு. மரம் வளர்ப்பது வேறு. முன்னது ஒரு நாள் வேலை. பின்னது மூன்றாண்டு வேலை. முன்னதற்கு மேடை உண்டு, மாலை உண்டு, நிழற்படமும் உண்டு. பின்னதற்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மனிதனும் போதும். அந்த மனிதன்தான் எளிதில் அகப்படுவதில்லை! ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாள் வருகிறது. பள்ளிகளும் அலுவலகங்களும் கழகங்களும் ஆர்வத்தோடு கன்று நடுகின்றன. அடுத்த ஜூனில் அதே குழியில் வேறொரு கன்று நடப்படுவதையும் நாம் காணாமலில்லை.

நற்றிணையில் ஒரு புன்னை மரம் வருகிறது. சிறுமியர் விளையாட்டாக மணலில் புதைத்துவிட்டு மறந்துபோன வித்து முளைத்துவிடுகிறது. பிறகு அதற்குப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். தாயோ அந்த மரத்தை அவர்களுக்குத் தங்கை என்றே சொல்லிவிடுகிறாள். நட்டதால் வந்த உறவா அது? அன்று, நட்டதை அவர்கள் மறந்தே போனார்கள். வளர்த்ததால் வந்த உறவு அது. இக்கட்டுரையில் நான் விளக்க விரும்புவதும் இவ்வளவே: ஒரு கன்றை மரமாக்கும் மூன்றாண்டுக் காவலை யார் செய்யக் கூடும்? பெரிய நிறுவனங்களைவிட நம் தெருவிலுள்ள சிறு கடைகளும் சிறு அமைப்புகளும் அதற்கு ஏற்றவை என்பது என் கருத்து.

நான் வாழும் ஊர் அதியன்னூர். நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இவ்வூரைக் கடந்து தெற்கே சென்றால் நெய்யாற்றின்கரை, அப்பால் பாறசாலை, அதற்கும் அப்பால் தமிழ்நாட்டு எல்லை. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து இங்கே தேநீர்க் கடை வைத்தவர். நான் இங்கேயே படித்து இன்று தாவரவியலில் முதுகலை பயில்கிறேன்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மக்களுக்கு எல்லைக்கோடு வந்தது, மரங்களுக்கு வரவில்லை. நாம் நாவல் என்பதை இங்குள்ளோர் ஞாவல் என்பர், நம் பலா இங்கே பிலாவு, கொன்றை கொன்ன, புன்னை புன்ன. குமரி மாவட்டத்தார் அயினி என்று சொல்லும் மரமே இங்கே ஆஞ்ஞிலி. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பழம்பலாவின் அடிமரத்தை இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள். பகைவர் துரத்தியபோது மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இத்தகைய மரங்களையே நாட்டு மரங்கள் என்கிறோம். மனிதன் வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்து வைக்காமல், ஒரு நிலத்தின் மழையோடும் மண்ணோடும் பூச்சி பறவைகளோடும் சேர்ந்து நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இனமே நாட்டு மரம். கொன்றை இலையை உண்டே ஒருவகை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேஷியாவும் யூகலிப்டசும் விரைவில் வளரும். ஆனால் இந்தப் பழைய உறவுகள் அவற்றுக்கு இல்லை. வேற்று நாட்டுச் செடியெல்லாம் தீயது என்று நான் சொல்லவில்லை. நாம் விரும்பி உண்ணும் மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மன்னர். உணவுக்கும் வருவாய்க்கும் எதையும் வளர்க்கலாம். ஊர்ப் பொதுவிடத்தில் நிழலுக்கும் பறவைக்கும் என்று நடும்போது அவ்விடத்திற்கு உரிய மரத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

நாட்டு மரமாயிற்றே, தானே வளர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் சிறிது விஞ்ஞானம் தேவைப்படுகிறது. இப்பகுதியின் மண்ணில் பெரும்பங்கு செம்புரை மண். மலபாரில் இதைக் கண்ட புக்கானன் என்பவர் 1807இல் இதற்கு ‘லாட்டரைட்’ என்று பெயரிட்டார். வெட்டி எடுத்து வெயிலில் காயவைத்தால் இது கல்லாக இறுகும். மழை நீர் இதில் விரைவாக வடிந்துவிடும். ஜூனில் நட்ட கன்றுக்கு இரு பருவ மழையும் கிடைக்கின்றன, இலை செழிக்கிறது, நாம் மகிழ்கிறோம். டிசம்பரில் மழை நின்றதும் மேல்மண் காய்கிறது. கன்றின் வேரோ இன்னும் ஒரு சாண், இரு சாண் ஆழத்தில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் நெடுநாள் இருந்த கன்றானால் வேர் சுருண்டு கிடக்கும். கீழே இறங்க இன்னும் காலம் பிடிக்கும். கீழ்மண்ணின் ஈரத்தை வேர் எட்டும்வரை மேலிருந்து நாம்தான் நீர் தரவேண்டும். முதற்கோடையைக் கடந்தால் பாதி வெற்றி. மூன்றாம் கோடையைக் கடந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

இதற்கு எவ்வளவு நீர் வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். டிசம்பர் நடுவிலிருந்து மே முடிவு வரை சுமார் 24 வாரங்கள். கோடை மழைக்காக 4 வாரங்களைக் கழித்தால் 20. வாரத்திற்கு இருமுறை, முறைக்கு 10 லிட்டர் என்றால் ஒரு கன்றுக்கு ஒரு கோடைக்கு 400 லிட்டர். இருபத்தைந்து கன்றுகளுக்கு 10,000 லிட்டர். ஒரே அமைப்பு இதைச் சுமக்க வேண்டுமானால் லாரி வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். இருபத்தைந்து கடைகள் பகிர்ந்துகொண்டாலோ, கடை ஒன்றுக்கு வாரம் 20 லிட்டர்தான்! எங்கள் கடையில் தம்ளர் அலசி ஊற்றும் நீர் ஒரே நாளில் இதைவிட மிகுதி. சவர்க்காரம் கலவாத அலசுநீர் மரத்திற்கு நன்றாகவே உதவும்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தேநீர்க் கடைக்கும் தையற்கடைக்கும் அச்சட்டம் இல்லை. ஆனால் பெரிய நிறுவனத்திடம் இல்லாத மூன்று செல்வங்கள் சிறு கடையிடம் உண்டு. காலை முதல் இரவு வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஒன்று. நாள்தோறும் புழங்கும் நீர் ஒன்று. வரவு செலவு எழுதும் பழக்கம் ஒன்று. கன்றை ஆடு கடித்தால் முதலில் காண்பவர் கடைக்காரரே அன்றோ?

இது வெறும் கற்பனை அன்று. திருவனந்தபுரத்தை அடுத்த புளியறக்கோணத்தில் எம். ஆர். ஹரி என்பாரும் அவருடைய ‘இன்விஸ் மல்டிமீடியா’ என்னும் நிறுவனமும் வறண்ட பாறைப்பாங்கான நிலத்தில் நாட்டு மரக் குறுங்காடு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். படம் எடுப்பதும் கணினிப் பணியும் செய்யும் நிறுவனம் அது; காட்டுத் தொழில் அதனுடையதன்று. அவர்கள் கைக்கொண்டது ஜப்பானியத் தாவரவியலார் அகிரா மியாவாக்கி (1928-2021) வகுத்த முறை. மண்ணை ஆழமாகக் கிளறி, மக்கிய எருவைக் கலந்து, பலவகை நாட்டுக் கன்றுகளைச் சதுர மீட்டருக்கு மூன்று நான்காக நெருக்கி நட்டு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடி, இரண்டு மூன்றாண்டு நீரும் களையெடுப்பும் தந்து, பின் தன் போக்கில் விட்டுவிடுவதே அம்முறை. இதற்குச் செலவு மிகுதி. எல்லா நிலத்திற்கும் இது பொருந்தாது. எனினும் ஓர் உண்மையை நமக்கு நினைவூட்டுகிறது. ஓர் ஊரின் பழைய மரங்கள் எவை என்று அறிய மியாவாக்கி தம் நாட்டுக் கோயிற் சோலைகளுக்குச் சென்றார். நமக்கோ கேரளத்தில் காவுகள் உண்டு; தமிழ்நாட்டில் கோயிற்காடுகள் உண்டு.

கேரள அரசின் ‘ஹரித கேரளம்’ இயக்கம் 2019இல் ‘பச்சத்துருத்து’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பசுந்தீவு என்று நாம் சொல்லலாம். அரை சென்ட் நிலம் இருந்தாலும் போதும், அதில் நாட்டு மரமும் செடியும் வளர்க்கலாம் என்பது அதன் சிறப்பு. ஊராட்சி, வேலையுறுதித் திட்டத் தொழிலாளர், பள்ளி, மன்றம் எல்லாரும் அதில் கைகோக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் திருப்பூரைப் பாருங்கள். சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டது. 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதே பின்னலாடை நகரத்தில் 2015இல் ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்னும் முயற்சி எழுந்தது. தொழில் நடத்துவோர் பொருள் தந்தார்கள். நிலமுடையவர் வேலியும் நீரும் காட்டினால் கன்று நட்டுத் தரப்பட்டது. கன்றுக்கு முன்னே நீரைக் கேட்ட அந்த ஒழுங்கை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. கென்யாவில் வங்காரி மாத்தாய் அம்மையார் 1977இல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். ஊர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நாற்றங்கால் வைத்தனர். அவர்களுக்குச் சிறுதொகை தரப்பட்டது. எதற்கு? நட்ட கன்றுக்கு அன்று, பிழைத்த கன்றுக்கு. 2004இல் அம்மையாருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

இவற்றிலிருந்து நம் பக்கத்து ஊர்களுக்கு ஒரு திட்டம் வகுக்கலாம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் இங்கு வார்டுதோறும் உள்ளன. அவர்கள் அருகிலுள்ள முதுமரங்களின் விதையைச் சேர்த்து நாற்று வளர்க்கலாம். பலா, அயினி விதைகள் உலர்ந்தால் முளைப்புத்திறன் இழக்கும். ஆதலால் பழம் உதிர்ந்த சில நாட்களிலேயே விதைக்க வேண்டும். இரும்புப் பட்டறைக்காரர் மிஞ்சிய கம்பியில் கன்றுக்கூண்டு செய்து தரலாம். தேநீர்க் கடையும் உணவு விடுதியும் நீர் தரலாம். ஊர்ப் படிப்பகம் ஏடு வைத்துக் கணக்கு எழுதலாம்.

இடமறிந்து மரம் தெரிவதும் முக்கியம். குளக்கரைக்கு நீர்மருது, புங்கு, புன்னை. பள்ளி முற்றத்திற்குப் பலா, நாவல், இலுப்பை. கடைமுன்னுள்ள சிறு இடத்திற்கு மகிழம், கொன்றை. நெடுஞ்சாலையின் விளிம்பில் நடவேண்டா; சாலை அகலமாகும் நாளில் முதலில் விழுவது அதுவே.

ஏட்டில் எழுத வேண்டியவை நான்கு: மரத்தின் பெயர், விதை வந்த இடம், நட்ட நாள், நீர் ஊற்றும் பொறுப்பாளர். ஒவ்வொரு ஜூனிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு நட்டு மூன்றாம் ஜூனில் அறுபது நின்றால் பிழைப்பு அறுபது விழுக்காடு. கடைக்காரர் தம் பெயர்ப் பலகையைக் கூண்டில் மாட்ட விரும்பினால் தாராளமாக மாட்டட்டும். ஆனால் அந்த மூன்றாம் ஜூனில் மாட்டட்டும்!

நண்பர்களே, நம்மில் பலர் பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ வந்தவர்கள். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு மரம் எதற்கு என்று எங்கள் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் கேட்பதுண்டு. நிலம் அவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஆனால் எதிர்ப்புறப் புங்க மரத்தின் நிழலில் நின்றுதான் அவர் தேநீர் அருந்துகிறார். நிழல் பட்டா கேட்பதில்லை. ஓர் ஊரில் நிலம் வாங்க முடியாதவனும் அவ்வூருக்கு ஒரு மரத்தைத் தரலாம். அதற்கு வேண்டியது வாரம் இருபது லிட்டர் நீரும், மறவாமையும்.

நம் தமிழ் மன்றமும் இவ்வாண்டு கன்று நட எண்ணியிருப்பதாக அறிகிறேன். மகிழ்ச்சி! ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஏப்ரலிலும் மேயிலும் நாம் விடுமுறைக்கு ஊர் போய்விடுவோம். கன்றுக்கு நீர் மிகத் தேவைப்படும் மாதங்களும் அவையே. ஆகவே குழி தோண்டுமுன் பல்கலைக்கழக வாயிலில் உள்ள தேநீர்க் கடைக்காரரிடமும் படி எடுக்கும் கடைக்காரரிடமும் சென்று பேசுவோம். நடும் விழாவில் மேடை ஏற்றி அவர்களுக்கே முதல் மாலை சூட்டுவோம். எத்தனை கடைகள் கைகொடுக்கின்றனவோ அத்தனை கன்றுகளே நடுவோம். ஐந்து கடை என்றால் ஐந்து கன்று. ஐந்தும் நிற்கட்டும்.